கையால் வாசித்த செய்தி

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சியில் செய்தி வாசித்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். ரத்ததான முகாம் நடத்துகிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறார். குடியிருப்போர் சங்கம் சார்பில் அவருக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்திருக்கிறோம். பாராட்டுப் பத்திரத்தில் எதை முதலில் எழுதுவது என்பதில்தான் தகராறு. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது சம்பளத்துக்குச் செய்த வேலை, சமூக சேவைதான் பெரிது என்கிறது ஒரு தரப்பு. நானும் அந்தத் தரப்புதான். உங்கள் கருத்து என்ன? இன்று செய்தித் தொகுப்பாளர்கள் போடும் கூச்சலைப் பற்றியும் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் அந்த 'ஊமைச் செய்தி' எப்போது முடியும், படம் எப்போது போடுவார்கள் என்று காத்திருந்தோமே, அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. நாங்கள் பையன்கள் அதில் சைகையால் செய்தி சொல்லும் அம்மாவைப் போலக் கையை ஆட்டிச் சிரிப்போம். விழாவுக்கு நீங்களும் வர வேண்டும்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

கூச்சலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். நான் அணைத்துப் பல வருடம் ஆகிறது.

பத்திரத்தைப் பொறுத்தவரை, 'யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது' என்ற வரியை உங்கள் கூட்டத்தில் இனி யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1984 அக்டோபர் 31 அன்று காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். பகல் முழுக்க வதந்தி. வெளிநாட்டு வானொலி கேட்டவர்கள் ஒன்று சொன்னார்கள், கேட்காதவர்கள் வேறொன்று சொன்னார்கள். மாலையில் தூர்தர்ஷனில் சல்மா சுல்தான் வந்து உட்கார்ந்து சொன்ன பிறகுதான் நாடு அதை நம்பியது. 1967இலிருந்து 1997 வரை அவர் செய்தி வாசித்தார். காதோரம் செருகிய ரோஜாவை வைத்தே பலரும் இன்று அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது அன்றைக்குக் குரல் உடையாமல் அந்தச் செய்தியை வாசித்து முடித்ததுதான். காகிதத்தில் எழுதியது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதைக் கோடிப் பேர் முன்னால் வாயால் சொல்வது வேறு காரியம். உங்கள் ஊர் அம்மா அதை முப்பது வருடம் செய்திருக்கிறார். அதை முதலில் எழுதுங்கள். ரத்ததானத்தை அடுத்து எழுதுங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்காக.

'ஊமைச் செய்தி' என்ற அந்தச் சொல்லை ஏன் எழுதினீர்கள்? கேலி செய்ய நினைத்து எழுதவில்லை என்று தெரியும். பழைய ஞாபகத்தில் கை தானாக எழுதியிருக்கும். ஆனால் அறுபது வயது தாண்டிய, படித்த, ஒரு நல்ல காரியத்துக்காக அலைகிற மனிதர் நீங்கள். உங்கள் கையே அப்படி எழுதுகிறது என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது காது கேளாதோருக்கான செய்தி. 1987இல் தூர்தர்ஷன் தொடங்கியது. வாரம் ஒரு முறை, ஞாயிறு மதியம், பதினைந்து நிமிடம். அது முடிந்ததும் மாநில மொழிப் படம். மொழிகள் முறை வைத்து வரும், தமிழின் முறை எப்போதோ ஒரு ஞாயிறு வரும். அதனால் நம் எல்லோருக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் படத்துக்கு முன்னால் நிற்கும் தடையாகத் தெரிந்தது. நானும் உங்களைப் போலவே கையை ஆட்டிச் சிரித்திருக்கிறேன். பக்கத்தில் என் சித்தப்பா உட்கார்ந்திருக்கும்போதே சிரித்தேன்.

சித்தப்பாவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி அப்போதே பழைய பள்ளி, பேர் பெற்ற பள்ளி. ஆனால் பிள்ளையை அவ்வளவு தூரம் விட்டுவிட்டு இருக்க மாட்டேன் என்று பாட்டி சொல்லிவிட்டாள். அவர் எழுத்துப் படிக்கவே இல்லை. எண்கள் மட்டும் தெரியும், ஏனென்றால் அவர் டெய்லர். அளவு நோட்டில் வாடிக்கையாளர் பேருக்குப் பதிலாகச் சின்னப் படம் இருக்கும்: மீசை, கண்ணாடி, குடை. பக்கத்தில் எண்கள். எங்கள் வீட்டில் அவரோடு பேச ஒரு கைப்பேச்சு இருந்தது. வீட்டுக்குள் தானாக உண்டானது. எம்.ஜி.ஆர். என்றால் தொப்பியும் கண்ணாடியும். இந்திரா காந்தி என்றால் நெற்றியிலிருந்து பின்னால் இழுக்கிற ஒற்றை விரல், அந்த வெள்ளை முடிக்கற்றை. ராஜீவ் என்றால் அதே கற்றையைக் காட்டிவிட்டு, கையை இடுப்புயரத்தில் வைத்துப் 'பிள்ளை' என்று காட்டுவோம்.

ஞாயிறு ஒரு மணிக்கே வேட்டி மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவார். கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்த ஆன்டெனா, சாலிடேர் பெட்டி, கறுப்பு வெள்ளை. கழுத்தில் அளவு நாடாவோடு தரையில் உட்கார்ந்து, செய்தி சொல்லும் அந்த அம்மாவின் கைகளையே பார்ப்பார். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அந்தச் சைகை மொழி அவர் கற்றது இல்லை. ஆனாலும் தவறாமல் போவார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஆள் அவரோடு கையால் பேசுவது வாரத்தில் அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

1991 மே 22, புதன்கிழமை காலை. பள்ளி திறக்கப்போகிற நேரம், சீருடை தைத்து மூட்டை கட்டிச் சைக்கிளில் வைத்துக் கடைவீதிக்குப் போய்விட்டார். முந்தின இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்ட செய்தி எங்களுக்கு விடியும் முன்பே தெரியும். ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லை. கடைவீதியில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. கண்ணாடி உடைந்த பஸ் ஒன்று குறுக்கே நின்றதாம். நாலைந்து பேர் சைக்கிளைப் பிடித்து என்னவோ கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லவில்லை, திமிர் என்று நினைத்து ஒருவன் அறைந்துவிட்டான். உதடு வீங்கி, மூட்டை இல்லாமல் வந்தார். 'வெளியே போகாதே' என்று பாட்டி கை காட்டினாள். அவ்வளவுதான் சொன்னோம். தெருமுனையில் மாலை போட்ட படத்தைப் பார்த்து யார் செத்தது என்று அவராகவே தெரிந்துகொண்டார். எப்படி என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எம். நாள் முழுக்க அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு டீச்சர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து எங்கள் எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்தார். வெள்ளைக் கற்றை, பிள்ளை. ஒரு பெண். கையில் மாலை. குனிகிறாள், காலைத் தொடுகிறாள். கை இடுப்புக்குப் போகிறது. பிறகு இரண்டு கைகளையும் விரித்து வீசினார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என்னைக் காட்டினார், என் காதைத் தொட்டார். அப்பாவைக் காட்டினார், அவர் காதைத் தொட்டார். பாட்டி, அம்மா, ஒவ்வொருவராக. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் மேலே திருப்பிக் காட்டினார். எங்கள் கைப்பேச்சில் அதற்கு 'ஏன்?' என்று அர்த்தம்.

எங்கள் குடும்பத்தில் அன்றைக்குச் செய்தி வாசித்தவர் அவர்தான். அவருக்குச் சொன்னது டெல்லியில் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்திருந்த, நீங்களும் நானும் பார்த்துச் சிரித்த அந்தக் கைகள்.

செய்தி வாசிப்பவர் செய்யும் சமூக சேவை என்று யாராவது பேசினால் என் மனம் ரத்ததானத்துக்குப் போவதில்லை, இங்கேதான் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் காது கேளாதவர்கள் 50 லட்சம் பேர். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சைகை மொழியிலோ எழுத்து வரிகளோடோ அவர்கள் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சைகை மொழிபெயர்ப்பாளர் வருகிற செய்தியைக் கவனித்துப் பாருங்கள். மூலையில் தீப்பெட்டி அளவு ஒரு கட்டம். அதற்குள் ஒரு ஆள். கீழே பிரேக்கிங் நியூஸ் பட்டை ஓடி அவருடைய கையை மணிக்கட்டோடு மறைக்கிறது. செய்தி வாசிப்பவரின் வாயில் பாதி நேரம் பிளாஸ்திரி ஒட்டினால் பொறுத்துக்கொள்வோமா? கையை மறைப்பது அதேதான்.

முகமும் தெரிய வேண்டும். சைகை மொழியில் புருவம் ஏறுவதும் தலை அசைவதும் அலங்காரம் கிடையாது, இலக்கணம். இந்தியச் சைகை மொழிக்குத் தனி அமைப்பு உண்டு, ஆங்கிலத்தைக் கையால் எழுதுவது கிடையாது. கேள்விச் சொல் கடைசியில் வரும், வினையும் பெரும்பாலும் கடைசியில் வரும். வினை கடைசியில் வரும் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம் தமிழ் மாதிரியே இருக்கிறதே என்று. டெல்லியில் 2015இல் இதற்கென்று ஓர் ஆய்வு, பயிற்சி மையமே அமைத்தார்கள். கொரோனா காலத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது காது கேளாதவர்களுக்கு ஊரே வாயை மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு எந்தக் கடை திறந்திருக்கும், எங்கே ஊசி போடுகிறார்கள் என்று எத்தனை சித்தப்பாக்களுக்கு யார் சொன்னார்கள்?

உங்கள் மேல் கோபம் இல்லை, எம். ஒரு அம்மாவைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்து, எழுதும் ஒரு வரிக்காகச் சண்டை போடுகிற சங்கத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் போதும். அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன்.

விழாவுக்கு வருகிறேன். எனக்குச் சால்வை வேண்டாம். அந்தக் காசில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் யாரை அணுகுவது என்று சொல்வார்கள். அவருக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள், சேவை என்று சொல்லிக் குறைக்க வேண்டாம். மேடையின் ஓரத்தில், பூச்சட்டிக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். பேசுகிறவருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், விளக்கு அவர் முகத்திலும் கையிலும் விழட்டும். பின்னால் பூப்போட்ட பேனர் வேண்டாம், ஒற்றை நிறத் துணி போதும். முன்வரிசையில் நாலு நாற்காலி காலியாக வையுங்கள். உங்கள் ஊரிலும் காது கேளாதவர்கள் இருப்பார்கள். விழாவுக்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய் அழையுங்கள். மைக் கட்டி ஆட்டோவில் அறிவித்தால் அவர்களுக்குத் தெரியாது.