கண்காட்சிக்காக மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு ரயில் பாதை போடறது வீண் செலவுதானே?

எங்கயோ தண்டவாளத்தைப் பிரிக்கறதப் பாத்து கடுப்புல கேட்டிருக்கீங்கன்னு தோணுது. நான் ரயில்வே ஆள் கிடையாது, முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் கமெண்ட்ல வந்து என்ன படிச்சிருக்கன்னு கேக்காதீங்க. ஜப்பான்ல ஒசாகாவுல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினேன், அதான் தகுதி.

அங்க 1970ல உலகக் கண்காட்சி. மார்ச் 15லருந்து செப்டம்பர் 13 வரைக்கும் 6 கோடியே 42 லட்சம் பேர் வந்து போனாங்க. அந்தக் கூட்டத்துக்காக, மிதோசுஜி மெட்ரோ லைன்ல வர்ற ரயில் அப்படியே நேரா போற மாதிரி, கண்காட்சி வாசல் வரைக்கும் பாதையை நீட்டினாங்க. அதுல கடைசித் துண்டு மட்டும்தான் தற்காலிகம். எங்க போட்டாங்க தெரியுமா? சுகோகு எக்ஸ்பிரஸ்வேக்குன்னு ஒதுக்கின இடத்துல, ஒரு பக்க ரோடு வரவேண்டிய இடத்துலயே! கண்காட்சி முடிஞ்ச மறுநாளே இப்ப இருக்கற செந்ரி சூவோ ஸ்டேஷனுக்கு ரயிலத் திருப்பிட்டாங்க, அப்புறம் தண்டவாளத்த எடுத்துட்டு ரோடு போட்டுட்டாங்க. வந்த டிக்கெட் காசுலயே கட்டுமானக் கடன் சீக்கிரம் அடைஞ்சு, அதனால அந்த நீட்டின பாதையில டிக்கெட் ரொம்ப வருஷம் மலிவாவும் இருந்துச்சு. இது வீணா?

எல்லா ஊர்லயும் இப்படி ஆகும்னு நான் சொல்லவே இல்ல. உடனே யாராவது 1979ல ஹாம்பர்க்ல போக்குவரத்துக் கண்காட்சிக்கு ஓட்டின காந்த ரயிலத் தூக்கிட்டு வராதீங்க, அது 908 மீட்டர், வேடிக்கை காட்டப் போட்டது, இது கூட்டம் ஏத்தப் போட்டது.

கூட வேலை பாத்த பெரியவர் ஒருத்தர், சின்னப் பையனா அந்த ஒசாகா கண்காட்சி ரயில்ல போயிருக்கேன்னு சொன்னதும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை செந்ரி சூவோலருந்து எக்ஸ்பிரஸ்வே ஓரமாவே, தலைக்கு மேல மோனோரயில் போக, கண்காட்சி நடந்த பூங்கா வரைக்கும் நடந்தேன், ஒரு ஆணி கூட இல்ல, கண்காட்சிக்குன்னு கட்டின 70 மீட்டர் சூரிய கோபுரம் மட்டும் என்னைப் பாத்து முறைச்சிட்டு நின்னுச்சு. அடுத்த வாரம் அவர்கிட்ட புலம்பினா, "ரோட்டுல ஏன் தேடின, செந்ரி சூவோவுக்கு முன்னாடி சுரங்கத்துல பாரு"ன்னு சிரிக்கிறார். அன்னிக்கு சாயங்காலம் டிரைவர் கேபினுக்குப் பின்னாடி கண்ணாடில மூக்க ஒட்டி நின்னேன். பாதை பிரிஞ்சு போன இடம் இன்னும் இருக்கு, மூணு நாலு செகண்டு, அவ்வளவுதான். ஆனா பாத்துட்டேன்.

தற்காலிகம்னாலே மட்டமா பேசறவங்களக் கண்டா எனக்கு ஆகாது. நானே ஆறு வருஷம் பதினோரு மாசக் கான்ட்ராக்ட், ஒரு நாள் பிரேக், மறுபடி பதினோரு மாசம்னு ஓட்டினவன், நிரந்தர ஆளுங்க அத்தனை பேரு வேலையும் என் தலையிலதான், ஆனா குரூப் போட்டோவுல மட்டும் நான் இருக்க மாட்டேன். அனுப்பி வச்ச கம்பெனி பேரு வேண்டாம். பி.எஃப். பணம் இன்னும் வரல, பழைய கணக்க எப்படி மாத்தறதுன்னு தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க.