பின்லாந்து மக்களுக்குச் சொந்தமாக ஓர் அரசர் எப்போதாவது இருந்தாரா?

ஒரே ஒருவர் இருந்தார், 66 நாட்களுக்கு. அவரும் முடி சூடவில்லை, பின்லாந்துக்கு வந்து சேரவும் இல்லை. அவரிடம் பிறகு வருகிறேன்.

ஹெல்சிங்கியின் செனட் சதுக்கத்தில் முதன்முதலாக நின்றபோது எனக்கும் இதே கேள்விதான் எழுந்தது. தலைநகரின் நட்டநடுவே ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் சிலை! அந்நிய ஆட்சியாளரின் சிலையை விடுதலைக்குப் பிறகும் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

விடை 1809இல் தொடங்குகிறது. அதுவரை சுமார் ஆறு நூற்றாண்டுகள் பின்லாந்து சுவீடனின் ஒரு பகுதி. அரசர் ஸ்டாக்ஹோமில் இருப்பார். போரில் அதைப் பிடித்த முதலாம் அலெக்சாந்தர், போர்வோ நகரில் மக்கள் சபையைக் கூட்டி, உங்கள் சட்டமும் மதமும் அப்படியே இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். ரஷ்யாவில் கேள்வி கேட்பாரற்ற பேரரசர், பின்லாந்தில் மட்டும் சட்டத்துக்கு உட்பட்ட 'மகா கோமகன்'. விசித்திரமான ஏற்பாடுதான்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிக்கிடந்த அந்தச் சபையை 1863இல் மீண்டும் கூட்டியவர் இரண்டாம் அலெக்சாந்தர். சுவீடிஷ் மட்டுமே கோலோச்சிய அலுவலகங்களில் பின்னிஷ் மொழிக்கு வழி திறந்ததும் அதே ஆண்டில்தான். அவருடைய பேரன் இரண்டாம் நிக்கோலாஸ் 1899இல் அந்த உரிமைகளில் கைவைத்தார். இரண்டே வாரத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவுடன் தூதுக்குழு போனது. பேரரசர் பார்க்கவே மறுத்துவிட்டார். ஹெல்சிங்கி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாத்தாவின் சிலைக்கடியில் பூக்களைக் குவித்தார்கள். பேரனைத் திட்ட இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த 66 நாள் அரசர். 1917 டிசம்பரில் விடுதலை, மறுமாதமே உள்நாட்டுப் போர். ஜெர்மானியப் படையின் துணையோடு வென்ற வலதுசாரிகள், ஜெர்மானிய இளவரசர் ஒருவரை அரியணையில் அமர்த்தினால் ரஷ்யாவிடமிருந்து பாதுகாப்பு உறுதி என்று கணக்குப் போட்டார்கள். அரச வம்சம் அற்றுப்போனால் புதியவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற 1772ஆம் ஆண்டு சுவீடன் காலச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். தோற்ற சமூக ஜனநாயகக் கட்சியினர் ஏறக்குறைய யாருமே இல்லாத நாடாளுமன்றம், 1918 அக்டோபர் 9 அன்று ஹெஸ்ஸே இளவரசர் ஃபிரீட்ரிக் கார்லை அரசராகத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் தங்கை கணவர் அவர். சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 9 அன்று, மைத்துனரின் ஆட்சியே கவிழ்ந்தது. டிசம்பர் 14 அன்று ஃபிரீட்ரிக் கார்லும் விலகிக்கொண்டார். 1919இல் பின்லாந்து குடியரசானது.

மொழி ஆர்வலர்களுக்கு ஓர் உபரிச் செய்தி: பின்னிஷ் மொழியில் அரசருக்கு 'குனிங்காஸ்' என்று பெயர். பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து வாங்கிய கடன். ஜெர்மானிய மொழிகளே தேய்த்துத் தொலைத்துவிட்ட அதன் கடைசி அசையைப் பின்னிஷ்காரர்கள் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கிரீடமும் ஒன்று இருக்கிறது. வடக்கே கெமி நகரில், ஃபிரீட்ரிக் கார்லுக்காக அன்று வரைந்த படங்களைக் கொண்டு பல்லாண்டுகள் கழித்துச் செய்து வைத்தது.