லினக்ஸ் பேக்கேஜ்களுக்கு பில்டு கோப்பு (பேக்கேஜை எப்படி உருவாக்குவது என்ற விவரம்) எழுதித் தரும் ஸ்கிரிப்ட்டை எப்படிப் பராமரிப்பது? புது வெளியீடு வரும்போதெல்லாம் நான் கையால் செய்த திருத்தங்கள் அழிந்துவிடுகின்றன.

அழியட்டும். ஸ்கிரிப்ட் எழுதிய கோப்பில் கையே வைக்காதீர்கள். ரஸ்ட் நிரல்மொழிப் பேக்கேஜ்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் நான் முதலில் சொல்வது இதைத்தான். திருத்தம் இருக்க வேண்டிய இடம் வேறு.

டெபியன் என்ற லினக்ஸைச் செய்கிறவர்கள் ரஸ்ட் நூலகங்களுக்குப் பில்டு கோப்பு எழுத டெப்கார்கோ என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நூலகத்துக்கும் டாம்ல் வடிவத்தில் ஒரு சின்ன அமைப்புக் கோப்பு உண்டு. மனிதர் எடுத்த முடிவுகள் அதில் இருக்கும். மூல நிரலில் செய்யும் மாற்றங்களான பேட்ச்கள் தனி ஃபோல்டரில். மற்றதையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு மறுபடி எழுத வைக்கலாம். நிக்ஸ் என்ற பேக்கேஜ் கருவியிலும் இதே வழிதான். ஆயிரக்கணக்கான ஹாஸ்கெல் மொழிப் பேக்கேஜ்களுக்கான விவரம் ஒரே பெரிய கோப்பில் தானாக எழுதப்படுகிறது. கைத்திருத்தங்களுக்கு அதன் பக்கத்திலேயே வேறு கோப்பு. நீங்களும் ஒவ்வொரு திருத்தத்தின் மேலேயும் அது ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். காரணம் தெரியாத திருத்தத்தை நீக்க யாருக்கும் துணிச்சல் வராது.

உரிம விவரத்தை மட்டும் ஸ்கிரிப்ட்டை நம்பி விடக் கூடாது. மேலே எம்ஐடி உரிமம் என்று போட்டிருப்பார்கள், உள்ளே ஒரு ஃபோல்டரில் வேறு உரிமத்தோடு சி நிரல் கிடக்கும். டெப்கார்கோ இதை அழகாகக் கையாள்கிறது: நீங்கள் எழுதிய உரிமக் கோப்பைத் தொடாமல், தன் யூகத்தைப் பக்கத்தில் ஒரு குறிப்புக் கோப்பாக வைத்துவிடும். அடுத்த வெளியீட்டில் அந்தக் குறிப்பின் டிஃபை, அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தாலே எது மாறியது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பதிப்பு எண். ஸ்கிரிப்ட்டில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ரஸ்ட்டின் பேக்கேஜ் கருவியான கார்கோவில் தேவைப்படும் பதிப்பு "1.2" என்றால் 2.0.0 வரும் வரை சரி, "0.3" என்றாலோ 0.4.0-க்குள் நின்றுவிட வேண்டும். ஃபெடோரா என்ற லினக்ஸுக்காக இதே வேலையைச் செய்யும் ரஸ்ட்2ஆர்பிஎம் இந்த "0.3"-ஐ ">= 0.3.0", "< 0.4.0~" என்று இரண்டு வரம்பாக எழுதும். கடைசியில் இருக்கும் அந்த அலைக்குறியை (~) விட்டுவிட்டால் 0.4.0-இன் சோதனைப் பதிப்பான பீட்டாவும் உள்ளே நுழைந்துவிடும், ஏனென்றால் ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் கணக்கில் 0.4.0~பீட்டா என்பது 0.4.0-ஐவிடச் சிறியது. இந்த மாற்றத்தைச் செய்யும் பகுதியைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து அதற்கு நிறைய டெஸ்ட் எழுதுங்கள். வேறு எதற்கும் டெஸ்ட் எழுத நேரமில்லை என்றாலும் பரவாயில்லை.

ஸ்கிரிப்ட்டை மாற்றினால் எல்லாப் பேக்கேஜையும் மறுபடி எழுத வைத்து முழு டிஃபையும் படியுங்கள். அது படிக்கும்படி இருக்க, பட்டியல்களை வரிசைப்படுத்தி எழுதுங்கள். தேதி, நேரம் எதுவும் வேண்டாம். ஸ்கிரிப்ட்டின் பதிப்பு எண்ணை மட்டும் முதல் வரியில் போட்டுக்கொள்ளலாம், ரஸ்ட்2ஆர்பிஎம் அப்படித்தான் செய்கிறது.

பைத்தான் பேக்கேஜ்களை ஃபெடோராவுக்காகச் செய்கிறீர்கள் என்றால் இன்னொன்று. பில்டுக்குத் தேவையானவற்றை பில்டு நேரத்திலேயே கண்டுபிடித்துக்கொள்ளும் வசதி ஆர்பிஎம் 4.15-இலிருந்து இருக்கிறது, ஃபெடோராவில் பைத்தானுக்கான தயார் கட்டளைகளான பைபிராஜெக்ட் மேக்ரோக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் ஸ்கிரிப்ட்டில் அந்தப் பட்டியலை எழுதும் பகுதி இருந்தால் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.