கசந்தது ஊலாங்கின் குற்றமா?

கேள்வி: சீனாவின் ஆன்சி ஊரின் ‘தியே குவான் யின்’ என்ற ஊலாங் வகைத் தேயிலை வாங்கினேன். பச்சை உருண்டைகளாக, 7 கிராம் பொட்டலங்களில் வந்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்து 5 நிமிடம் கொதிக்கவிட்டேன், ஒரே கசப்பு. போலியைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: கசப்பை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிக் கொதிக்கவிட்டால் அசலும் கசக்கத்தான் செய்யும். 7 கிராம் என்பது 110 மில்லி கொள்ளும் ‘கைவான்’ என்ற மூடிக்கிண்ணத்துக்கான அளவு. முதலில் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். இலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி உடனே வடியுங்கள். அந்த நீர் உருண்டை நெகிழத்தான், குடிக்க அல்ல. மறுபடி கொதிநீர், 20 விநாடி. அடுத்தடுத்த முறைகளுக்கு 5, 10 விநாடியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆறு முறைக்குக் குறையாமல் வரும். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். அடியில் தேங்கிய நீரில் இலை ஊறிக்கொண்டே இருந்தால் அடுத்த கோப்பை கசந்துவிடும். விளிம்பு வரை ஊற்றாதீர்கள், விரல் வெந்துவிடும். கைவான் இல்லையா? 300 மில்லி மக்கில் 3 கிராம், 3 நிமிடம், வடிகட்டிவிடுங்கள்.

போலியா என்பதற்கு வருவோம். பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் பூமணம் இரண்டாம் முறையிலேயே காணாமல் போனால், வாசனை ஏற்றிய சரக்கு என்று சந்தேகப்படலாம். நல்ல இலையில் மூன்று, நான்காம் முறையிலும் மூடியின் உட்புறத்தை முகர்ந்தால் மணம் நிற்கும். ஊறிய இலையை விரித்துப் பாருங்கள்: தடிப்பாக, அலை அலையாக இருக்கும். ஓரம் பிய்ந்திருந்தால் பதற வேண்டாம். பச்சை வகையில் சிவந்த ஓரங்களைத் துணியில் மூட்டைகட்டி அடித்து உதிர்த்துவிடுவது ஆன்சி வழக்கம். ‘பென் ஷான்’, ‘மாவோ ஷியே’ என்ற வேறு தேயிலை ரகங்களின் இலையும் இதே பெயரில் விலைபோவதுண்டு. அவையும் அதே ஊர்தான், குடிக்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் தியே குவான் யின் விலை கொடுக்கத் தேவையில்லை. ‘குரங்கு பறித்தது’ என்ற விளம்பரச் சீட்டுக்குக் கூடுதல் காசு? வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: பச்சை வகையை வைக்கலாம், காற்றுப் புகாத பொட்டலமாக. வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், குளிர் விடட்டும். இல்லையென்றால் இலையில் ஈரம் பூத்துவிடும். கருகிய நிறத்தில் வறுத்த வகைக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஈரமும் வெளிச்சமும் படாத டப்பா போதும். வறுத்தது நாள்பட்டுப் புளித்தால், டப்பா மூடி சரியாக இறுகவில்லை என்று வையுங்கள்.