திருகோணமலையில் புது வீட்டுக் குசினிக்குக் குறைந்த செலவில் நீடித்து உழைக்கும் அலுமாரிக் கதவு எது?

எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக்கி, பசை கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பலகை. விலை குறைவு, பெயின்ட் அழகாகப் பிடிக்கும். ஆனால் வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சும். தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி, ஒருமுறை ஊதினால் பழைய வடிவம் வராது. பிளைவுட்டில் மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் அவ்வளவு வீங்காது.

இங்கே மாரி மழை, போதாததற்குக் கடற்காற்று வேறு. ஆகவே சிங்குக்குக் கீழே மட்டும் மரைன் பிளைவுட் (தண்ணீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட்) அல்லது அலுமினியக் கதவு போடுங்கள். மற்ற இடங்களுக்கு, நான்கு ஓரமும் மெல்லிய பட்டி ஒட்டி மூடிய மெலமைன் பலகை (மேலே பிளாஸ்டிக் போன்ற மெலமைன் தாள் ஒட்டிய பலகை) போதும். மிச்சக் காசு கறள் பிடிக்காத ஸ்டீல் பிணைச்சலுக்கு. உப்புக் காற்றில் பெரும்பாலும் கதவுக்கு முன் பிணைச்சல்தான் போகும்.

அப்புறம், உள்ளே பச்சை நிறமான எம்.டி.எஃப். தண்ணீரே புகாதது என்று பலர் நம்புகிறார்கள். அது ஈரக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்; ஊறினால் அதுவும் ஊதும்.