தோட்டா சிக்குகிறதா? ஸ்பீட்லோடரை மாற்றும் முன் கைப்பிடியைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது ஆறு தோட்டா .38 ரிவால்வர், அகலமான மரக் கைப்பிடி. அட்டையில் ".38/.357, ஆறு தோட்டா, எல்லா ரிவால்வருக்கும்" என்று போட்டிருந்த ஸ்பீட்லோடரை (ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் சிலிண்டருக்குள் இறக்கும் வட்டக் கருவி) வாங்கினேன். நாலு தோட்டா ஒழுங்காக இறங்குகிறது. கைப்பிடிப் பக்கம் ஒன்றிரண்டு தொங்கி நிற்கிறது. "பழகப் பழகச் சரியாகும்" என்கிறார் கடைக்காரர். இல்லையென்றால் சிலிண்டர் துளைகளின் வாயைச் சரிவாகக் கடைந்து தருகிறாராம். குமிழைத் திருகும் இந்த வகையை விட்டுவிட்டு, அழுத்தினால் விடும் வகைக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம், ஆனால் இப்போதே வேண்டாம். கைப்பிடிப் பக்கம் மட்டும் சிக்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் சிலிண்டரைத் திறந்து, எல்லாத் துளையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். நிஜத் தோட்டாக்களை வேறு இடத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இந்தச் சோதனை முழுக்க மருந்தில்லாத டம்மி தோட்டாவில்தான். லோடரில் ஆறு டம்மியைப் போட்டு, ஒன்றில் மட்டும் பேனாவால் புள்ளி வையுங்கள். சிலிண்டருக்குள் விட்டு எது சிக்குகிறது என்று பாருங்கள். பிறகு வெளியே எடுத்து, லோடரை ஒரு துளை தள்ளித் திருப்பி மறுபடி விடுங்கள். புள்ளி வைத்த தோட்டா எங்கே போனாலும் அதுவே சிக்கினால் கோளாறு லோடரிலோ அந்தத் தோட்டாவிலோ இருக்கிறது. எந்தத் தோட்டா வந்தாலும் கைப்பிடிப் பக்கத்தில்தான் சிக்குகிறது என்றால் குற்றவாளி கைப்பிடி. உறுதி செய்ய வேண்டுமா? கைப்பிடியின் திருகைக் கழற்றி இடப்பக்கப் பலகையை எடுத்துவிட்டு, மறுபடி தோட்டாக்களை இறக்கிப் பாருங்கள். சரசரவென்று இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

சிலிண்டர் இடப்பக்கம் திறப்பதால், அந்தப் பலகையின் மேல் விளிம்பு லோடரின் உடம்பை இடிக்கிறது. லோடர் கொஞ்சம் சாய்கிறது, அந்தப் பக்கத் தோட்டா துளையின் விளிம்பில் தட்டுகிறது, அவ்வளவுதான். பழைய அகலக் கைப்பிடிகள் பலவற்றில் இந்த இடத்தில் குழிவே இருக்காது. மரம் என்றால் அரைவட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு முறையும் லோடரை வைத்துப் பார்த்து, கடைசியில் உப்புத்தாள் போடுங்கள். சில மில்லிமீட்டர் போதும். பலகையைக் கழற்றி வைத்துத்தான் சீவ வேண்டும். மரத்தூள் உள்ளே விழக்கூடாது.

சரி, கைப்பிடி குற்றமற்றது என்று தெரிந்தால் அப்புறம்தான் லோடர். அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ".38, ஆறு தோட்டா" என்று சொல்லி லோடர் வாங்குவது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று மட்டும் சொல்லிப் பாத்திரத்துக்கு மூடி கேட்பது போல. லோடருக்குத் தேவை தோட்டாவின் பருமன் மட்டும் அல்ல. சிலிண்டரின் நடுவிலிருந்து துளைகள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதும் வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்சன் ரிவால்வர்களிலேயே கே பிரேம், எல் பிரேம் என்ற உடல் அளவுகள் இரண்டும் ஆறு தோட்டா பிடிக்கும். ஆனால் எல் பிரேம் சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பெரிது. அதனால்தான் எச்.கே.எஸ். கம்பெனி கே பிரேமுக்கு 10-ஏ என்றும் எல் பிரேமுக்கு 586-ஏ என்றும் தனித்தனியாகச் செய்கிறது. ஐந்து தோட்டா ஜே பிரேமுக்கு 36-ஏ. இந்த எண் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கிறது. நடுவில் வாங்கி விற்பவர்தான் அதைத் தூக்கிவிட்டு "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று போடுகிறார். ஓர் எண்ணை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகிவிடும்? பெட்டியைப் பிரித்த பிறகு திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். பிரிக்காமல் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பதாம்? எண் இல்லாத லோடரை விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். துப்பாக்கியின் மாடல் பெயரைச் சொல்லி, லோடரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் தோட்டாவின் பின்பக்க விளிம்பு அளவில் ஒன்றுதான், நீளம்தான் வேறு. ஆகவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இனி உங்கள் நேர்க் கேள்வி. திருகும் வகையில் தோட்டாக்கள் கொஞ்சம் தளர்வாக ஆடும். குமிழைத் திருகும்போது சிலிண்டரும் கூடவே சுழலப் பார்க்கும். இடக்கை விரல்களால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டுதான் திருக வேண்டும். விலை குறைவு, உழைப்பு அதிகம். சஃபாரிலேண்ட் மாதிரி அழுத்தும் வகையில் தோட்டாக்கள் ஆடாமல் நிற்கும். நடுப்பகுதி சிலிண்டரின் நடுவில் முட்டியதும் பிடி விட்டுவிடும். வேகம் வேண்டுமென்றால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் இடிக்கும் கைப்பிடியோடு இதை வாங்கினால் காசு கொடுத்து அதே தொல்லையை மறுபடி வாங்குகிறீர்கள்.

கடைந்து தருகிறேன் என்ற பேச்சுக்கு வருவோம். துளை வாயை லேசாகச் சரித்தால் தோட்டா எளிதாக நுழையும் என்பது உண்மைதான். ஆனால் வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டையும் சேர்த்து ஆழமாகக் கடைந்துவிட்டால், கூட்டின் விளிம்பைப் பிடிக்க இரும்பு இருக்காது. கூடு தகட்டைத் தாண்டிக் கீழே நழுவி மாட்டிக்கொள்ளும். எடுத்த இரும்பை யாரும் திருப்பி ஒட்டித் தர முடியாது. கைப்பிடியைப் பார்க்காமலே கடைசல் பேசுகிறவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். தட்டை மூக்குத் தோட்டா பயன்படுத்துகிறீர்களா என்று அவர் கேட்டாரா? அது விளிம்பில் முட்டும். உருண்டை மூக்கு தானாக வழி கண்டுபிடித்து இறங்கும். தோட்டாவை மாற்றினாலே சில நேரம் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு விலக்கு. இதில் ஏமாந்தவர்கள் நிறைய என்பதால் நீட்டித்தான் சொல்ல வேண்டும். சில ரிவால்வர்களுக்கு லோடரே தேவையில்லை. தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் மூன் கிளிப் என்ற மெல்லிய தகடு போதும். பிஸ்டலுக்காக வந்த .45 ஏசிபி தோட்டாவுக்கு வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது. அதனால் கூட்டைத் தள்ள நட்சத்திரத் தகட்டுக்குப் பிடி கிடைப்பதில்லை. 1917இல் அமெரிக்க ராணுவத்துக்காக கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்சனும் செய்த ரிவால்வர்களில், மூன்று தோட்டா பிடிக்கும் அரைக் கிளிப்பை வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். ஆறையும் பிடிக்கும் முழுக் கிளிப் பிறகு வந்தது. தோட்டாவோடு கிளிப்பும் உள்ளே போய், கூட்டோடு கிளிப்பும் வெளியே வரும். விடுவிக்கும் வேலையே இல்லை. இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் சிலிண்டரின் பின்முகத்தில் தகட்டின் கனத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தால்தான் இது உட்காரும். இன்று .38, .357 ரிவால்வர் சிலவற்றிலும் அப்படி வெட்டி வருகிறது. உங்களுடையதில் இல்லையென்றால், "கிளிப்புக்கு வெட்டித் தருகிறேன்" என்று வரும் அடுத்த ஆளுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பள்ளம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிளிப் ஒரு மயிரிழை வளைந்தால் போதும், சிலிண்டர் இறுகும், விசை கனக்கும். தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து, ஆடுவதைத் தூக்கிப் போடுங்கள்.

கைப்பிடியைச் சீவ மனமில்லையா? ரப்பர் பட்டை வாங்குங்கள். ஸ்பீட் ஸ்ட்ரிப் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது தோட்டாவின் விளிம்பை மட்டும் பிடிப்பதால் சிலிண்டர் பருமன், கைப்பிடி எதுவும் அதற்குக் கணக்கில்லை. இரண்டிரண்டாகத்தான் போட முடியும், மெதுவானதுதான். சட்டைப்பையில் தட்டையாகக் கிடக்கும் என்பது ஆறுதல்.

கூடுகளை வெளியேற்றும்போது குழல் வானத்தைப் பார்க்க வேண்டும். தள்ளுகோலை ஒரே அடியாக அடியுங்கள். மெதுவாக அழுத்தினால் எரியாத மருந்துத் துகள் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் சிலிண்டர் மூடாது. நிரப்பும்போது நேர்மாறு: குழல் தரையைப் பார்க்கட்டும், மீதியை எடையே பார்த்துக்கொள்ளும். லோடரைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடாதீர்கள். குமிழ் தானாகத் திரும்பி உள்ளேயே தோட்டாக்களைக் கொட்டிவிடும். புதிதாக வாங்கினால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, டம்மியோடு பலமுறை ஓட்டிப் பார்த்து, ஆறும் ஒன்றாக இறங்கினால் மட்டும் இரண்டாவதை வாங்குங்கள்.