காதை மூடிக்கொள்ள வேண்டிய படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் ஒரு காரியம் செய்தேன். 1920களில் தொடங்கி ஒவ்வொரு பத்தாண்டிலிருந்தும் ஒன்றிரண்டு பேய்ப்படங்களை வரிசையாகப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரித்தேன். 'நொஸ்ஃபெராட்டு' 4, 'கேட் பீப்பிள்' 2, 'தி ஹான்டிங்' 3, 'எக்ஸார்சிஸ்ட்' 7, 'ரிங்கு' 9. ரிங்கு பார்த்த இரவு விளக்கை அணைக்கவில்லை. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய படங்கள் ரொம்ப மெதுவாகப் போவதால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். ரிங்குவை மட்டும் சப்டைட்டில் படிக்க வேண்டியிருந்ததால் சாதாரண வேகத்தில் பார்த்தேன். அந்தக் காலத்தில் பேயையே காட்டுவதில்லை, இப்போது எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள் என்பதுதான் என் முடிவு. பேய்ப்படங்களின் பொற்காலம் எது? கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பயமுறுத்தும் என்பதெல்லாம் பழம்பெருமைதானே? என் பத்து வயது மகனுக்கு இவற்றில் எதைக் காட்டலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விளக்கை அணைக்காமல் படுத்ததற்கு வெட்கப்படாதீர்கள். ஒரு படத்துக்கு நீங்கள் செய்த நேர்மையான மரியாதை அது. வெட்கப்பட வேண்டியது அந்த அட்டவணைக்குத்தான். உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். சாதாரண வேகத்தில் பார்த்ததாகச் சொல்லும் ஒரே படம் ரிங்கு. அதற்குத்தான் ஒன்பது. நீங்கள் ஒப்பிட்டது 'கேட் பீப்பிள்' வந்த 1942-ஐயும் ரிங்கு வந்த 1998-ஐயும் அல்ல, உங்கள் விரல் சும்மா இருந்த இரவையும் இல்லாத இரவுகளையும்.

பொற்காலம் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிடலாம். அதற்குப் பதில் சொல்பவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பன்னிரண்டு வயது நடந்த காலத்தைத்தான் சொல்வார்கள். பழம்பெருமை என்கிறீர்கள், இருக்கட்டும்.

ஆனால் 'கேட் பீப்பிள்' படத்துக்கு 2 போட்டதை விடமாட்டேன். அதில் ஒரு பெண் இரவில் பூங்காவின் மதிலோரம் தனியாக நடந்து போவாள். அவளுடைய குதிகால் செருப்பின் சத்தம். பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். இசை கிடையாது. கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த சத்தம் மட்டும் நின்றுவிடும். இவள் வேகத்தைக் கூட்டுவாள், திரும்பிப் பார்ப்பாள், தெரு காலியாக இருக்கும். அப்புறம் ஒரு சீறல். பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது. இன்றைக்குப் பேய்ப்படம் எடுப்பவர்கள் எல்லோரும் கையாளும் வித்தை இது. தயாரிப்பாளர் வால் லூட்டனின் ஆட்கள் இந்த மாதிரித் திடுக்கிடல்களுக்கு 'பஸ்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காட்சியின் உயிர் இரண்டு காலடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒருத்தி பஸ் பிடிக்க ஓடுவது மாதிரித்தான் இருக்கும். நீங்கள் 2 போட்டது உங்கள் பட்டனுக்கு.

பேய்ப்படம் காதால் பார்க்கவேண்டிய சமாச்சாரம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் அக்கா. வாடகைக்கு வாங்கிய வீடியோ கேசட்டில் படம் ஓடும். நாங்கள் சின்னவர்கள் தலையணையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடுங்குவோம். அவள் மட்டும் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கண்ணை அகல விரித்து, திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். "கண்ணை மூடுறவன் முட்டாள்டா. காதை மூடு, அப்புறம் பாரு, ஒண்ணுமே இருக்காது" என்பாள். படம் முடிந்ததும் அவள் தூங்கிவிடுவாள். நாங்கள் அவளுடைய போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு விழித்திருப்போம். சினிமா விமர்சனம் என்று பிற்பாடு நான் படித்தவற்றில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. இப்போது அவளுக்குப் பேரன் இருக்கிறான். படம் பார்க்கும் முறை மாறவில்லை.

அக்காவின் சோதனையை 'தி ஹான்டிங்' படத்தில் செய்து பாருங்கள். 1963-இல் வந்தது. இரவில் சுவரில் தொம் தொம் என்று சத்தம் கேட்டு எலினார் விழிப்பாள். அரைத் தூக்கத்தில், வருகிறேன் அம்மா என்பாள். நோயில் கிடந்த அம்மா சுவரைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவது வழக்கம். அம்மா செத்துப்போய்விட்டாள். சாகிற அன்று இரவு தட்டியபோது இவள் எழுந்து போகவில்லை. பிறகு பக்கத்து அறைக்கு ஓடிப்போய்த் தோழியோடு ஒண்டிக்கொள்வாள். சத்தம் வராந்தாவில் கதவு கதவாக இடித்துக்கொண்டு நெருங்கி வரும். காதை மூடிக்கொண்டு பார்த்தால், கட்டிலில் இரண்டு பெண்கள் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். விரலை எடுத்தால் வயிற்றைப் பிசையும். படம் முழுக்கப் பேய் கண்ணில் படாது.

இயக்குநர் ராபர்ட் வைஸ் படத்தொகுப்பாளராக இருந்தவர். லூட்டன்தான் 1944-இல் அவரை இயக்குநர் ஆக்கினார். அந்தப் பஸ் நின்ற இடத்திலிருந்து நேராக வந்து சேர்ந்த ஆள். அதோடு, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961), 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) என்ற இரண்டு பெரிய இசைப்படங்களுக்கு நடுவில் இதை எடுத்தார். எங்கே ஒலிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் அட்டவணையிலோ இவர்கள் வேறு வேறு கட்டங்களில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் காலம் மறைத்தது, இந்தக் காலம் காட்டுகிறது என்கிறீர்கள். 1999-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'தி ஹான்டிங்' மறுபடி எடுக்கப்பட்டது. அதே ஷெர்லி ஜாக்சன் நாவல், பெரிய நட்சத்திரங்கள், கொட்டிய பணம். சிலைகள் அசைந்தன, வீடே கம்ப்யூட்டர் வரைகலையில் நெளிந்தது. விமர்சகர்கள் சிரித்தார்கள். அதே ஜூலை மாதம் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வெளியானது. கைக்கேமரா, ஒரு காடு, கூடாரத்துக்கு வெளியே இரவில் குழந்தைகளின் குரல். சூனியக்காரி கடைசிவரை வரவே மாட்டாள். ஒரே மாதத்தில் இப்படி இரண்டு படங்கள். 1990களுக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்?

காட்டுகிற படங்களிலும் வேலை காதில்தான் நடக்கிறது. 'எக்ஸார்சிஸ்ட்' என்றால் எல்லோருக்கும் சுழலும் தலைதான் ஞாபகம். அந்தச் சிறுமியின் வாயிலிருந்து வரும் பிசாசின் குரல் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. அந்தக் குரல் இல்லாவிட்டால் அது ஒப்பனை போட்ட குழந்தை. படம் வாங்கிய இரண்டு ஆஸ்கரில் ஒன்று ஒலிக்கு. 'சைக்கோ' குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் ஹிட்ச்காக். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிறீச்சிட வைத்துப் போட்டுக் காட்டியதும் மனம் மாறினார். மூன்றே வருடத்தில் அதே ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' படத்தில் பின்னணி இசையை அடியோடு எடுத்துவிட்டு, மின்கருவியில் உண்டாக்கிய பறவைக் கூச்சலை வைத்தார். 2018-இல் வந்த 'ஹெரெடிட்டரி'யில் ஒரு சிறுமி நாக்கை 'டொக்' என்று தட்டுவாள். அவள் இல்லாத அறையில் அந்த 'டொக்' கேட்கும்போது முதுகு சில்லிடும்.

அப்படியானால் மௌனப்படம் எந்தக் கணக்கு என்று கேட்பீர்கள். 'நொஸ்ஃபெராட்டு'வுக்காக ஹான்ஸ் எர்ட்மன் எழுதிய இசையின் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. படமே தப்பியது பெரிய விஷயம். 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்ததால் அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கத் தீர்ப்பு வாங்கினார். இன்று கிடைக்கும் ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு ஆட்களின் இசை. நீங்கள் எதைக் கேட்டுவிட்டு 4 போட்டீர்கள்? அதைக்கூடக் கவனிக்கவில்லை என்றால் மதிப்பெண் எதற்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை படங்களைத் தேடிப்பிடித்து உட்கார்ந்து பார்க்கும் ஆள் எனக்கு வேண்டப்பட்டவர். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள். எக்ஸார்சிஸ்டும் ரிங்குவும் வேண்டவே வேண்டாம். ஹெரெடிட்டரி பக்கம் போகாதீர்கள். பத்து வயதுப் பையனுக்கு நாமாகப் போய்ப் பயத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. அவனாகக் கேட்டால் 'கேட் பீப்பிள்' போடுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். 73 நிமிடப் படம். நேரத்தோடு படுக்கப் போகலாம். தூங்குவானா என்பது வேறு விஷயம்.